‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறான் தம்பி

பெங்களூரு மர்ஃபி டவுனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது:

அவருடைய தம்பிக்கு 27 வயது. பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். சென்ற ஆண்டு வேலை போனது. மொபைல் கடன் செயலிகளில் வாங்கிய கடன் ஏறிக்கொண்டே போனது. சாப்பாடு, தூக்கம், பேச்சு மூன்றும் குறைந்தன. மனச்சோர்வு என்று சொல்லி மருத்துவமனையில் 12 நாள் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை ஓ.பி.க்குப் போகிறார், மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். மூன்று வாரத்துக்கு முன் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். அதிலிருந்து ராத்திரி 2 மணிக்கு மொட்டை மாடியில் நடக்கிறார். “நடந்தா நல்லதுதானே” என்கிறார் அம்மா. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு கொஞ்சம் குடி.

போன வாரம் தம்பியின் மொபைலில் ஒரு வரியை அக்கா பார்த்துவிட்டார்: ‘நான் இல்லேன்னா எல்லாருக்கும் பாரம் குறையும்.’ அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுது, மகனின் கையைத் தன் தலைமேல் வைத்து, இனி அப்படி நினைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான்கு நாளாகத் தம்பி அமைதியாக இருக்கிறார். பைக் சாவியைச் சித்தி மகனிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்றாராம்.

கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் சொல்வதுபோல, இரண்டு செய்திகள். 19 வயதில் ஒருமுறை உயிரை விட முயன்றிருக்கிறார். ஊரில் ‘வயிற்று வலி’ என்று சொல்லி மூடிவிட்டார்கள். ஒரு சித்தப்பாவும் அப்படித்தான் போனார். இந்த இரண்டும் இப்போதைய டாக்டருக்குத் தெரியாது. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் என்பதால் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்கிறார் அப்பா.

அக்கா கேட்கிறார்: “அவன்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறானே, ஆபத்து இல்லைதானே? நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டதாக ஆகாதா? அவனுக்குத் தெரியாமல் டாக்டரிடம் சொன்னால் துரோகமா? போலீஸ் கேஸ் ஆகுமா? இப்போது அமைதியாகிவிட்டான், நான் நிம்மதியாக இருக்கலாமா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் நான்கு வரி பதில் அனுப்பினேன். அடுத்த ஓ.பி. தேதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள் என்று. அப்படிச் சொன்னதன் காரணங்களை இப்போது விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வைத்தியம் நடக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் வைத்தியம் நடப்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மனநலப் புறநோயாளிகளில் பலருக்கு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாவைப் பற்றிய எண்ணம் வந்து போகிறது. வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களும் மாதங்களும் ஆபத்து கூடின காலம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. வார்டில் 24 மணி நேரமும் ஆள் இருந்தார்கள். வீட்டில் அதே கடன்காரனின் போன், அதே வேலையில்லாத காலைப்பொழுது. உங்கள் தம்பி இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறார்.

அப்புறம் ஓ.பி.யில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. காலையில் டோக்கன், மதியம்வரை பெஞ்சு, உள்ளே ஐந்து நிமிடம். “எப்படி இருக்கீங்க?” என்பது கேள்வி. “பரவாயில்லை” என்பது பதில். பெங்களூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் டாக்டரிடம் கன்னடத்தில்தான் பேசுகிறார்கள். கடை, பஸ், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் கன்னடம் போதும். ஆனால் ‘உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை’ என்பதை அம்மாவிடம் பேசும் மொழியில் சொல்வதே கஷ்டம். வேறு மொழியில் வாயில் வருவது “பரவாகில்லா சார்” என்பதுதான். இரண்டு மொழியிலும் ஒரே சொல், இரண்டிலும் அது கதவைச் சாத்திவிடுகிறது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஓர் இளைஞர் இதே சொல்லைச் சொன்னார். ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று சீட்டில் எழுதினேன். பத்து நாளில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். “நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டாக்டர்” என்றார். அன்றிலிருந்து இன்றுவரை, வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறேன்.

டாக்டரின் சீட்டில் இல்லாதவை

யாருக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவம் சொல்லும் காரணங்களை வரிசையாக எழுதினால், சகோதரி, அதில் பெரும்பாலானவை உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. முன்பு ஒருமுறை முயன்றிருப்பது அவற்றில் மிகவும் கனமானது. குடும்பத்தில் ஒருவர் அப்படி இறந்திருப்பது, அண்மையில் வார்டிலிருந்து வந்தது, வேலையும் பணமும் போனது, தூக்கம் கெட்டது, குடி, எல்லாருக்கும் பாரமாக இருக்கிறோம் என்ற நினைப்பு. அவருடைய டாக்டருக்கு இதில் பாதிகூடத் தெரியாது. ‘வயிற்று வலி’ என்று மூடிவைத்த செய்தி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது டாக்டரின் மேசைக்குப் போனால் மருந்து, அடுத்த தேதி, வார்டில் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவு எல்லாமே மாறக்கூடும்.

அதே சமயம், இந்தக் காரணங்கள் இருந்தால் நடந்தே தீரும் என்று பயந்துவிடாதீர்கள். இவை பல இருந்தும் நலமாக வாழ்கிறவர்கள்தான் மிகப் பெரும்பாலானவர்கள். 50 ஆண்டுக் காலத்தில் வந்த 365 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. எந்த ஒரு காரணத்தை வைத்தும் இன்னாருக்கு இது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது, கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்பது அதன் முடிவு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டியும் 2022-இல், ஆபத்தை மார்க் போட்டு அளக்கும் படிவங்களை நம்பி முன்கணிப்புச் செய்யாதீர்கள் என்றது. மார்க்கைவிட முக்கியம், காரணங்களில் எதையெல்லாம் இன்றைக்கு மாற்ற முடியும் என்பது. சித்தப்பாவின் சாவை மாற்ற முடியாது. தூக்கத்தை, குடியை, தனிமையை, மாத்திரையால் வரும் தொல்லையை மாற்ற முடியும்.

அந்தக் கடைசி விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த மொட்டை மாடி நடைதான். மாத்திரை மாற்றியது மூன்று வாரத்துக்கு முன்பு. நடை தொடங்கியதும் அப்போதுதான். சில மனநல மருந்துகள் சிலருக்கு உடம்புக்குள் ஒரு பதற்றத்தைக் கிளப்பும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், கால் துறுதுறுவென்றே இருக்கும், தோலை உரித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாமா என்றிருக்கும். மருத்துவத்தில் இதற்கு அகதீசியா என்று பெயர். பார்ப்பவர்களுக்கு நடைப்பயிற்சி மாதிரியும், நோய் முற்றியது மாதிரியும் தெரியும். அனுபவிக்கிறவருக்கு இது தாங்க முடியாத வேதனை. சாக வேண்டும் என்ற எண்ணத்தை இது கூட்டிவிடலாம். ஆனால் சரிசெய்யக் கூடியது. அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, இன்னொன்றைச் சேர்த்தோ பல சமயம் சில நாட்களில் அடக்கிவிடலாம். ஆகவே டாக்டரிடம் “தூக்கம் வரவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “மாத்திரை மாற்றிய நாளிலிருந்து உட்கார முடியாமல் நடக்கிறான்” என்று சொல்லுங்கள். தம்பிக்கு வருவது இதுதான் என்று இங்கிருந்து நான் தீர்மானிக்க முடியாது. அவரை நேரில் பார்க்கிற டாக்டர்தான் அதைச் சொல்ல முடியும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தில் கொண்டுபோய் விடும். இன்னொன்று: மனச்சோர்வு மருந்தின் முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களிடம், இத்தகைய எண்ணங்கள் கூடுகின்றனவா என்று கவனிக்க வேண்டும் என்பது பொதுவான எச்சரிக்கை. உங்கள் தம்பி அந்த வயதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் மருந்து மாறிய வாரங்களில் யாரையும் கூடுதலாகக் கவனிப்பது நல்லது.

அமைதியைப் பற்றிக் கேட்டீர்கள். அது நலமானதன் அமைதியாகவும் இருக்கலாம். ஆனால் மாத்திரை மாறிய பிறகு ஓயாமல் நடந்துகொண்டிருந்தவர், அந்த வரியை எழுதிய சில நாட்களில் சட்டென்று அமைதியாகி, ஆசையாக வாங்கிய பைக்கையும் கொடுத்துவிடுகிறார் என்றால், அதை நலம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. உள்ளே ஏதோ முடிவு எடுத்துவிட்டவர்களுக்கும் இப்படி ஓர் அமைதி வருவதுண்டு. அதனால்தான் ‘நாளைக்கே’ என்று எழுதினேன்.

அவரிடம் கேட்பது எப்படி

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் நம் வீடுகளில் மிகவும் ஆழமானது. ‘வாயில் வந்தால் பலித்துவிடும்’ என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. கேட்கப்பட்டவர்களில் பலருக்குப் பாரம் கொஞ்சம் இறங்குகிறது. தம்பியின் மனதில் அது ஏற்கெனவே இருக்கிறது. மொபைலில் எழுதியே வைத்திருக்கிறார். நீங்கள் கேட்டால் அந்த அறையில் அவர் தனியாக இருக்க வேண்டியதில்லை.

டிவியை அணைத்துவிட்டு, அப்பா அம்மா இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். “தம்பி, உன் மொபைல்ல அந்த வரியப் பாத்தேன். திட்ட வரல. செத்துப் போயிடலாம்னு தோணுதா?” அவ்வளவுதான். ‘தப்பா எதுவும் நினைக்கலையே?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே ‘இல்லை’ என்ற பதில் இருக்கிறது. ஆமாம் என்றால், எப்போதெல்லாம் வருகிறது, எப்போது கூடுகிறது, ஏதாவது செய்ய யோசித்து வைத்திருக்கிறாயா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. பதிலுக்கு அறிவுரை வேண்டாம். “எங்களை நினைச்சுப் பாத்தியா?” என்ற கேள்வி, ஏற்கெனவே தன்னைப் பாரம் என்று நினைப்பவரின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றும். “இவ்வளவையும் நீ ஒத்தையா சுமந்திருக்க, சொன்னது நல்லது” என்றால் போதும்.

அம்மாவின் சத்தியத்தைப் பற்றி மனது நோகாமல் சொல்ல வேண்டும். அது பெற்ற வயிற்றின் பதைப்பு, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சத்தியம் காப்பதில்லை. இப்படி வாக்குறுதி வாங்கும் வழக்கம் மருத்துவர்களிடமும் ஒருகாலத்தில் இருந்தது. பயன் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் அது ஒரு கெடுதலையும் செய்திருக்கிறது: இனி அந்த எண்ணம் வந்தால், அம்மாவின் தலைமேல் செய்த சத்தியத்தை மீறிய குற்ற உணர்வும் சேர்ந்து வரும். அதனால் சொல்லவே மாட்டார். அம்மாவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். “நினைக்காதேன்னு சொன்னது தப்புப்பா. நினைப்பு வந்தா எந்த ராத்திரியானாலும் என்னை எழுப்பு” என்று அம்மா சொன்னால் அதுவே பெரிய வைத்தியம்.

துரோகமா, போலீஸா

இரண்டும் இல்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, அதன் 115-ஆவது பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. உயிரை விட முயல்வதைக் குற்றம் என்று சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் அப்படியே தொடரவில்லை. எண்ணம் வருகிறது என்று டாக்டரிடம் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

டாக்டர் ரகசியம் காக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: மருத்துவமனையிலிருந்து சம்பந்தி வீட்டுக்கோ, அவருடைய பழைய முதலாளிக்கோ செய்தி போகாது. ஆனால் அந்தப் பிரிவு டாக்டரின் வாயைத்தான் கட்டுகிறது, காதை அடைக்கவில்லை. குடும்பம் சொல்வதை அவர் கேட்கலாம், கேட்க வேண்டும். தம்பிக்குத் தெரியாமல் செய்வது உறுத்துகிறது என்றால் தெரிந்தே செய்யுங்கள்: “டாக்டர்கிட்ட நான் சொல்லப் போறேன், நீயும் கூட இரு.” இதற்குக் கோபப்படலாம். கோபம் ஆறும்.

நாளைக்குப் போகும்போது ஒரு தாளில் தமிழிலேயே ஏழெட்டு வரி எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: 19 வயதில் நடந்தது, சித்தப்பா, மொபைல் வரி, மாத்திரை மாறிய தேதி, நடை, குடி, பைக் சாவி. தமிழ் தெரிந்த டாக்டரோ சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். இந்த ஊரில் அது கிடைக்காத ஒன்றல்ல. மறுபடி சேர்க்க வேண்டும் என்றால் பயப்படாதீர்கள். அவர் சம்மதித்தே சேரலாம். சம்மதிக்க முடியாத நிலையில், தன் உயிருக்கு ஆபத்து என்றால், இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்த பிறகு, நியமனப் பிரதிநிதியின் (நோயாளி தன் சார்பில் பேச நியமித்தவரின்) விண்ணப்பத்தின்பேரில் 30 நாள்வரை சேர்த்துக்கொள்ள சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்தப் பிரதிநிதி யார் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திடலாம். உங்களை நியமிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஓ.பி.யில் தரும் ஒரு மாத மாத்திரை மொத்தமாக அவர் கையில் இருக்க வேண்டாம். உங்கள் பீரோவில் பூட்டி வைத்து, அந்தந்த வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். ஆபத்தானது வேறு எது வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்று டாக்டரோடு பேசி அப்புறப்படுத்துங்கள். மாடிக் கதவை ராத்திரியில் பூட்டுங்கள். அந்த எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலும் தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் செய்வது உயிரைக் காப்பாற்றும் வேலை. குடியை இந்த மாதங்களில் முழுமையாக விடச் சொல்லுங்கள். மருந்தோடு சேராது என்பதோடு, போதையில் தடுப்பு உணர்வும் தளர்ந்துவிடும். ஏற்கெனவே தினமும் குடிக்கிறவராக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அமைதியான ஒரு மாலையில் அவரோடு உட்கார்ந்து ஒரு தாள் தயார் செய்யுங்கள். எண்ணம் ஏறப் போகிறது என்பதற்கு அவருக்கே தெரியும் அறிகுறி என்ன, அப்போது தனியாக என்ன செய்தால் தணிகிறது, யார் வீட்டுக்குப் போகலாம், யாருக்குப் போன் செய்யலாம், எந்த மருத்துவமனை. அவர் வார்த்தையில், அவர் கையெழுத்தில். கடன் செயலிக்காரர்களின் போன்களை இனி நீங்கள் எடுங்கள். எவ்வளவு பாக்கி என்று கூட்டிப் பார்த்து, குடும்பமாகத் திட்டம் போடுங்கள். மருந்தால் வட்டியைக் குறைக்க முடியாது.

தொடர்ந்து விசாரிப்பது என்பதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. ஐந்து இடங்களில் ஒன்று நம் சென்னை. முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அந்த 18 மாதத்தில் 2.2 சதவீதம் பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். 2008-இல் வெளியான முடிவு இது. தினமும் மாலை ஒரு போன், ஞாயிறன்று அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு டீ என்று உறவில் இரண்டு பேரைப் பிடித்துப் போடுங்கள். சித்தி மகனிடமும் சொல்லுங்கள், பைக்கோடு வந்து அவரை வெளியே கூட்டிப் போகட்டும்.

ராத்திரியில் நிலைமை கை மீறினால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது. வண்டி இல்லையென்றால் 112. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050.

அந்த எண்களைத் தம்பிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கடிதத்தில் ஒரு வரியைப் பாதியில் அடித்திருக்கிறீர்கள். ‘நானும் தூங்கி’ என்பது மட்டும் படிக்க முடிகிறது. மாடிப் படியில் காது வைத்துக்கொண்டே எத்தனை ராத்திரி விழித்திருப்பீர்கள்? அப்பாவும் நீங்களும் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள். கல்யாணம் நடக்க வேண்டும் என்று அப்பா விரும்புகிறார். மகன் பக்கத்தில் நின்று நடத்திவைக்க வேண்டும் என்றும்தான் விரும்புவார். அந்தப் பேச்சை நீங்கள் தொடங்க முடியாவிட்டால் மருத்துவமனைக்கு அவரையும் அழைத்து வாருங்கள். டாக்டர் தொடங்கட்டும்.